அம்மாவின் நடை

திருப்போரூர் கோயிலில் நடை சாத்தியாச்சு என்பார்கள். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், இதுதான் கடைசி நடை, ஏறுறவங்க ஏறுங்க என்பார். லாரிக்காரன் இன்றைக்கு நாலு நடை மணல் அடித்தேன் என்பான். பெண் பார்க்க வருகிறவர்கள் அவள் நடை எப்படி என்று கேட்பார்கள். காலைக் கேட்கிறார்களா குணத்தைக் கேட்கிறார்களா என்று அவர்களுக்கே தெரியாது. என் செட்டுக்காரிகளே, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த நடை. கூடை தூக்கின நமக்கு மட்டும் இன்னொரு நடை இருந்தது. அதை யாராவது எழுதியிருந்தால் எனக்குத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எழுதுவதும் அப்படித்தான் போகும். அவசரக்காரர்கள் வேறு வேலை பாருங்கள்.

மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் நடுவில் எங்கள் குப்பம். ஆண்கள் கரைக்குக் கொண்டுவந்த மீனைப் பெண்கள் கூடையில் எடுத்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கால்வாயைக் கடந்து, மேற்கே போவார்கள். எவள் எந்த ஊருக்குப் போவது என்பதில் அடிதடி கிடையாது. இந்த வழி, இந்த ஊர், இந்தத் தெரு என்று ஒவ்வொருத்திக்கும் ஒன்று உண்டு. அதுதான் அவளுடைய நடை. இன்னொருத்தி அங்கே கூடை இறக்கக் கூடாது. அவளுக்குப் பிறகு அது அவள் மகளுக்கு. பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது, ஆனாலும் அது சொத்து. ஒரே ஒரு கட்டுப்பாடு. கடலுக்குப் போகிற நாட்களில் சேர்ந்தாற்போல ஏழு நாள் உன் வீட்டுக் கூடை அந்தத் தெருவில் இறங்கவில்லை என்றால் நடை விழுந்தது. அப்புறம் யார் முதலில் போய் இறக்குகிறாளோ அவளுக்கு.

அம்மாவுடையது நல்ல நடை. திருப்போரூருக்கு இப்பால் ஒரு விவசாயக் கிராமம். நீளமான ஒரே தெரு. நடுவில் ஒரு மச்சு வீடு. தெரு முடிகிற இடத்தில் ஏரிக்கரை, கரையில் ஒரு புளியமரம். ஏரிக்கு அந்தப் பக்கம் இன்னொரு தெரு இருந்தது. வயலில் கூலி வேலை செய்கிறவர்களுடைய தெரு. அதற்கு ஊர்க்காரர்கள் ஒரு பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேரை நான் எழுதப் போவதில்லை. அந்தாண்டைத் தெரு என்றே சொல்கிறேன்.

எனக்குப் பதினொரு வயது. பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஓடைக்குக் குறுக்கே போட்டிருந்த பனைமரத்தில் கால் வழுக்கி அம்மா விழுந்தாள். கூடையை விடவில்லை. மீனைக் காப்பாற்றிக் காலை முறித்துக்கொண்டாள். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று கரையில் நாலு பேர் சொன்னார்கள். நைனா கேட்கவில்லை.

"அங்க இட்டுனு போனா கால எடுத்துடுவானுங்க. ஒரு நொண்டிய வச்சிகினு நான் இன்னா பண்றது?"

கட்டுக்காரர் வந்தார். உளுத்தமாவையும் முட்டை வெள்ளையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வீடு முழுக்க முட்டை வாடை. நாற்பது நாள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. நொண்டி வேண்டாம் என்றுதான் நைனா ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். கடைசியில் அதுதான் அவருக்குக் கிடைத்தது. அப்போது எனக்குக் கோபம் வரவில்லை, பெரியவர்கள் சொன்னால் சரி என்று இருந்தேன். கோபம் இப்போது வருகிறது. கேட்டுக்கொள்ள அவர் இல்லை.

அம்மா படுத்த ஐந்தாம் நாள் அத்தை எங்கள் வீட்டுக்கு எதிரே உட்கார்ந்து கூடை கழுவினாள். நைனாவின் தங்கை அவள். அவளுடைய நடை உப்பளத்துப் பக்கம், பத்து வீடு கூடத் தேறாது. நாலு பெண் பிள்ளைகள். கழுவின கூடையையே திரும்பத் திரும்பக் கழுவினாள்.

"அண்ணி, நான் வேணா போயி எறக்கிட்டு வரட்டா? நீ எழுந்திரிச்சதும் திருப்பிக் குடுத்துடறேன்."

"எறக்குன கூடைய எவடி திருப்பிக் குடுத்துகீறா?"

"என்ன நம்பலியா நீ?"

"உன்ன நம்பறேன். உன் நாலு பொண்ணு வயித்த நம்ப மாட்டேன்."

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கழுவினாள். அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"தா, எழுந்திரு. உன் காலும் இந்த வூட்டுக் காலுதான?"

தன் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துச் சுருட்டி எனக்குச் சும்மாடு செய்து கொடுத்தாள். பெரிய கூடை எனக்கு ஆகாது என்று வெற்றிலைக்காரியிடம் கேட்டுச் சின்ன ஓலைக்கூடை ஒன்று வாங்கித் தந்தாள். அந்தக் கூடை எப்போது எங்கே போனது என்று நினைவில்லை. ஆனால் அதன் அடியிலிருந்து மீன்தண்ணீர் சொட்டி, பின்கழுத்தில் இறங்கி, முதுகுத்தண்டு வழியாகப் பாவாடை நாடா வரை போகிற அந்தக் குளிர்ச்சி இன்றைக்கும் மறக்கவில்லை. வழியில் பெண்கள் பார்த்து, "இன்னாடி, அம்மா மாதிரி நடக்கத் தெரியல, வாத்து மாதிரி போற" என்று சிரித்தார்கள். அம்மா நடந்தால் கை கூடையைத் தொடாது. இரண்டு கையையும் வீசிக்கொண்டு போவாள். நான் இரண்டு கையாலும் கூடையைப் பிடித்துக்கொண்டு தை மாதம் முழுக்கப் போனேன். வாத்தாவது கோழியாவது, நடை விழவில்லை.

அந்த ஊரில் விற்பதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் மச்சு வீடு. அங்கே வாசலைத் தாண்டினால் நீளமாக ஒரு நடை, சிவப்புச் சிமென்ட் போட்டுச் சில்லென்று இருக்கும். அதற்குள் நாங்கள் போகக் கூடாது. அதன் படியில் கூடையை இறக்கிவிட்டு நிற்க வேண்டும். மச்சு வீட்டம்மா வந்து செவுளைத் தூக்கிப் பார்த்து, நல்லதாகப் பொறுக்கி எடுத்துக்கொண்ட பிறகுதான் மற்ற வீடுகள். தெரு முழுக்க எடுத்து முடித்ததும் மிச்சம் புளியமரத்துக்குப் போகும். அங்கே அந்தாண்டைத் தெருப் பெண்கள் காத்திருப்பார்கள். வயிறு உடைந்த மீன், தலை நசுங்கின மீன். பூவரச இலையில் வைத்துத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அவர்கள் விரித்த துணியில் நெல்லைக் கொட்டிவிட்டு இலையை எடுத்துப் போவார்கள். இருபது வருஷமாக அம்மா அப்படித்தான் செய்தாள். ஒரு மாதம் நானும் அப்படித்தான் செய்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. மீன் என்றால் அப்படித்தான் விற்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தைக் கிருத்திகைக்கு முந்தின நாளே அம்மா சொல்லியிருந்தாள்.

"நாளைக்கு முருகருக்குக் காவடி எடுப்பாங்க. ஊர்ல ஒருத்தரும் மீனத் தொட மாட்டாங்க. போவாத."

நான் போகவில்லை. கிருத்திகை முடிந்தது, இனி அடுத்த வருஷம்தான் என்று மனசில் போட்டுக்கொண்டேன். பொங்கல் மாதிரி. கடற்கரைக்காரர்களுக்கு அமாவாசை தெரியும், பௌர்ணமி தெரியும். அதைத் தண்ணீரே சொல்லிவிடும். ஒரு நட்சத்திரம் இருபத்தேழு நாளைக்கு ஒருதரம் திரும்பி வரும், அன்றைக்கெல்லாம் ஊர்ச் சட்டியில் மீன் ஏறாது என்பதை எந்தத் தண்ணீர் சொல்லும்? அம்மாவுக்கு அது பழக்கத்தில் தெரியும். ஆனால் முந்தின நாள் கட்டுக்காரர் காலை இழுத்துப் புதுக்கட்டுப் போட்டிருந்தார். வலியில் அவளும் மறந்துவிட்டாள்.

மாசி மாதக் கிருத்திகையன்று கூடை நிறைய சங்கராவும் நெத்திலியும் எடுத்துக்கொண்டு தெருவில் நுழைந்தேன். மச்சு வீட்டுப் படியில் இறக்கக் குனிந்தேன்.

"ஏய், ஏய்! இன்னாடி இது? இன்னிக்குக் கிருத்திகைன்னு தெரியாதா உனக்கு? எடு, எடு மொதல்ல."

"கிருத்திகதான் போன மாசமே முடிஞ்சிட்சே யம்மா."

அடுத்த வீட்டுத் திண்ணையில் தின்பண்டம் விற்கிறவள் உட்பட அங்கே நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாக் கதவும் அப்படியேதான் பதில் சொன்னது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நெத்திலி வெயில் தாங்காது. தூக்கிக்கொண்டு திரும்பினால் உப்புப் போடலாம். ஆனால் நிறைந்த கூடையோடு நான் குப்பத்துக்குள் நுழைவதை அத்தை பார்ப்பாள், குழந்தையால் நடையைப் பார்க்க முடியவில்லை என்று பேச்சாகும். அம்மாவின் முகத்தை நினைத்தேன். புளியமரத்தடியில் போய் உட்கார்ந்து அழுதேன்.

வழக்கமாக மிச்சம் வாங்க வருகிற அக்கா ஒருத்தி களை பறித்துவிட்டு வரப்பு வழியாக வந்தாள். முழங்கால் வரை சேறு. என்னை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, கூட ரொம்பி வழியுது?"

"கிருத்திகையாம். யாரும் வாங்கல."

"எங்களுக்கு இன்னா கிருத்திகை? நாங்க மாதா கோயிலு. எழுந்திரு, எங்க தெருவுக்கு வா."

"அங்கெல்லாம் வரக் கூடாதுக்கா."

"யாரு சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. அதைத்தான் சொன்னேன்.

"யாரும் சொல்லல."

"அப்பறம் இன்னா? அழுதா மீனு நாறாம இருக்குமா? வா."

ஏரிக்கரையில் அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். தெருமுனையிலேயே கூவினாள்: "ஏ, மீன் வந்துகீது! முழு மீனு!" அரை நாழிகையில் கூடை காலி. அவர்கள் அதற்கு முன்னால் முழுச் சங்கராவைக் கையில் வைத்துப் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு கிழவர் மீனைத் தூக்கி வாலைப் பிடித்து ஆட்டி, "இதுக்குத் தலை கீது பாருங்கடா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த அக்கா பலகை போட்டு உட்கார வைத்து, அலுமினியத் தம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். மச்சு வீட்டில் தாகம் என்றால் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நிற்க வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். தம்ளரை நான் வாய் வைத்துக் குடித்தேன். நெல்லை நேராகக் கூடைக்குள் வாங்கிக்கொண்டு, கைவீசி நடந்து வீடு வந்தேன். அத்தை கூடையை எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள்.

மறுநாள் மச்சு வீட்டுப் படிக்குக் குறுக்கே விளக்குமாறு கிடந்தது. மச்சு வீட்டம்மா உள்ளேயிருந்தே பேசினார். அவர் என்று எழுதுகிறேன், வயதுக்காக.

"அந்தாண்ட எறக்குன கூடைய இங்க எறக்காத. அவங்க கைய வுட்டுப் பொறுக்குன கூடையில நாங்க பொறுக்கணுமா? போ, உங்கம்மாவ வரச் சொல்லு."

தெருவில் வேறு யாரும் வாங்கவில்லை. மச்சு வீடு எடுக்காமல் அவர்கள் எடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். படுத்தபடியே கைக்கெட்டிய அகப்பையால் முட்டியில் அடித்தாள்.

"எவ உன்ன அங்க போகச் சொன்னது? இருபது வருசத்து நட! ஒரே நாள்ல தொலச்சிட்டு வந்து நிக்கிற!"

அத்தை ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டாள். அடியிலிருந்து காப்பாற்றத்தான் வந்தாள், அதில் பொய் இல்லை. ஆனால் எழுந்து போகும்போது வாசலில் நின்று விரல் மடக்கினாள். அன்று முதல் நாள்.

ஊர் நாட்டாரிடம் விஷயம் போனது. எங்கள் குப்பத்துத் தலைவர் அவர். வலை முடைந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"அவங்க தெரு, அவங்க சட்டம். தோ பாரும்மா, ஏழாம் நாளுக்குள்ள நீயே போ. கொயந்த தெரியாம செஞ்சிட்டான்னு ஒத்த வார்த்த சொல்லு, கூடைய எறக்கு. நட உன்னுது. எறங்கலன்னா உன் நாத்தனாவுது. இதுல பேச ஒண்ணுமில்ல."

அம்மா தலையாட்டினாள். ஆறாம் நாள் கட்டை அவிழ்க்கச் சொன்னாள். ஏழாம் நாள் விடிகாலையில் உடைந்த துடுப்பு ஒன்றை ஊன்றிக்கொண்டு கிளம்பினாள். கூடை என் தலையில். திரும்பின பாதத்தை அவள் ஒவ்வொரு தடவையும் தூக்கி முன்னால் வைத்து, அதன் மேல் ஏறி நின்று, அடுத்ததை இழுத்தாள். ஒன்றரை மணி நேரத்தில் போகிற வழிக்கு மூன்று மணி நேரம் ஆனது. கால்வாயில் அவளை நைனா தூக்கிவிட்டுத் திரும்பிப் போனார். வழி முழுக்க அம்மா ஒரே வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். "தெரியாம செஞ்சிட்டா. தெரியாம செஞ்சிட்டா." மனப்பாடம் செய்கிற மாதிரி.

அத்தையும் வந்தாள். இருபது அடி தள்ளி, தலையில் கூடையோடு. அது தப்பில்லை. ஏழாம் நாள், அவளுக்கு உரிமை உண்டு.

மச்சு வீட்டம்மா வாசலில் நின்றார். தெருவே நின்றது. அவர் காலடியில் ஒரு வாளி.

"வந்தியா மீன்காரி. கால் இன்னா இப்பிடிப் போயிட்டுது? பாவம். சரி, பொண்ண இப்பிடி வரச் சொல்லு. சாணி கரைச்சி வச்சிகீறேன். படியக் கழுவிட்டு, விழுந்து கும்பிடட்டும். அதுக்கப்பறம் எறக்கு."

"ஒத்த வார்த்த சொன்னா போதும்னு நாட்டாரு சொன்னாரு யம்மா."

"அது உங்க நாட்டாரு. பொட்டப் புள்ள நட சரியில்லன்னு ஊரே பேசுது. இப்பவே அடக்கி வையி. நாளைக்கு எவன் கட்டுவான்?"

நான் கூடையை இறக்கிவிட்டுக் கழுவத் தயாராகத்தான் இருந்தேன். சொன்னால் நம்புங்கள், பயத்தில் ஒரு அடி எடுத்து வைத்தேன். அம்மா துடுப்பை நீட்டி என்னை மறித்தாள். பிடிமானம் போய் ஒற்றைக்காலில் ஆடிக்கொண்டு நின்றாள்.

"எம் பொண்ணு தெரியாம செய்யல யம்மா. நாந்தான் அனுப்புனேன்."

"இன்னாது?"

"நாந்தான் அந்தாண்ட போயி வித்துட்டு வான்னு அனுப்புனேன். அவ நடைக்கு இன்னா கொற? ஒரு மாசம் ஒண்டியா வந்து உங்களுக்கு மீன் போட்டா. அன்னிக்கு நல்ல நட, இன்னிக்குக் கெட்ட நடையா?"

பொய். முழுப் பொய். அம்மா அனுப்பவில்லை என்று அவளுக்கும் தெரியும், என் முட்டியிலிருந்த அகப்பைத் தழும்புக்கும் தெரியும். அந்தப் பொய்யால் ஒரே மூச்சில் நடை போனது. வெகு காலம் நான் அம்மா அன்றைக்கு அந்தாண்டைத் தெருவுக்காகப் பேசினாள் என்று பெருமையடித்துக்கொண்டேன். அப்படி இல்லை. இருபது வருஷம் இலையில் வைத்தவள் ஒரு நாளில் மாறிவிட மாட்டாள். அவள் எனக்காகப் பேசினாள், தன் மகளைச் சாணி வாளி முன்னால் குனிய விடக் கூடாது என்பதற்காக. அவ்வளவுதான். அந்த அளவுக்குத்தான் அவள் தைரியம் எட்டியது. எனக்கு அதுவே போதும், குறை சொல்ல நான் யார்?

அத்தை முன்னால் வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். "அண்ணி, இன்னா பண்ணட்டும்?" என்று மெதுவாகக் கேட்டாள். "எறக்குடி. உன் பொண்ணுங்க சாப்பிடட்டும்" என்றாள் அம்மா. அத்தை படியில் இறக்கினாள். அந்த நடையில்தான் நாலு பெண்களையும் கட்டிக்கொடுத்தாள். ஒரு நாளும் நான் அதை வைத்து அவளோடு சண்டை போட்டதில்லை.

பின்னால் எங்களைப் பற்றிக் குப்பத்திலேயே பேசினார்கள். என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர், எந்தத் தெருவில் விற்கிறவள் என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கூடக் குடிக்காமல் போனார்கள். போகட்டும். மூன்றாவதாக வந்தவர் அதைக் கேட்கவில்லை. நாற்பது வருஷம் நான் அந்தாண்டைத் தெருவில்தான் கூடை இறக்கினேன். என்னிடம் மீன் வாங்கிச் சாப்பிட்ட பிள்ளைகள் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் ஏறி ஆபீஸ் போகிறார்கள். என் நடை எப்படி என்று இனிமேல் யாராவது கேட்டால், அவர்களிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

அன்றைக்கு அந்தத் தெருவை விட்டு ஏரிக்கரை ஏறினோம். அம்மா புளியமரத்தடியில் நிற்கவில்லை. நின்றால் உட்கார்ந்துவிடுவாள் என்று அவளுக்குப் பயம். துடுப்பை ஊன்றி ஊன்றிக் கரையைத் தாண்டினாள். அந்தாண்டைத் தெருமுனையில் அந்த அக்கா குடத்தோடு நின்றாள்.

"இன்னா மீன்காரம்மா, இருவது வருசம் கழிச்சி இப்பதான் வழி தெரிஞ்சிதா?"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எறக்குடி" என்று என்னிடம் எரிந்து விழுந்தாள். இறக்கினேன். பெண்கள் கூடினார்கள். அந்த அக்கா குடத்தை வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெரிய சங்கரா ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். முகர்ந்தாள். கூடைக்குள் பொத்தென்று போட்டாள்.

"இது நேத்து மீனு."

"இன்னாது?" அம்மா துடுப்பைத் தட்டினாள். "விடிகால மடி வலையில வந்த மீன நேத்து மீனுன்றியே, கண்ணு தெரியுதா உனக்கு?"

"கண்ணு தெரிஞ்சிதான சொல்றேன். செவுளு வெளுத்துகீது பாரு."

"வெளுத்துகீதாம்! கொஞ்சம் தண்ணி பட்டா வெளுக்காதா? வேணும்னா வாங்கு, வேணாட்டிப் போ!"

"போறேன். நீயே வறுத்துத் துன்னு."

அந்த அக்கா எழுந்து நாலு அடி போனாள். அம்மா கூப்பிட்டாள். அவள் திரும்பி வந்தாள். மறுபடியும் செவுளைத் தூக்கினாள். மறுபடியும் சண்டை. புளியமரத்தடியில் இவர்கள் யாரும் அம்மாவோடு ஒரு நாளும் பேரம் பேசியதில்லை, இலையில் வைத்ததை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்று அம்மாதான் தோற்றாள். இரண்டு சங்கரா கூடப் போட வேண்டியதாயிற்று.

திரும்பி வருகிற வழி முழுக்க அவளுக்குக் கால் வலி நினைவே இல்லை. கால்வாய் வரை அந்த அக்காவைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"நேத்து மீனாமே, நேத்து மீனு! இன்னா வாயிடி அவளுக்கு! இரு, நாளைக்கு வரேன். நாளைக்கு அவள செவுளத் தூக்க விடறனா பாரு."